திரையில் தெரிந்ததும் கைக்கு வந்ததும்

மட்டாஞ்சேரி ஜூ டவுனின் மிளகு முன்பேரச் சந்தையில் தரகர்கள் விலையைக் கூவியே பேரம் பேசினர். 1957இல் தொடங்கப்பெற்ற இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தின் சந்தை அது. கூவிய விலை கூடத்திலிருந்த அனைவர் காதிலும் விழுந்தது. ஆயினும் பின்னர்க் கணக்குத் தீர்க்க எழுத்தில் ஏறிய விலையே வேண்டும்.

‘ஃபங்ஷன்’ எனப்படும் செயற்கூறு தன் விடையைத் திரையில் அச்சிடுவதற்கும் (பிரிண்ட்), அழைத்த நிரலுக்குத் திருப்பியளிப்பதற்கும் (ரிட்டர்ன்) உள்ள வேறுபாடும் ஏறத்தாழ இதுவே. பைத்தான் கற்கும் மொழியியல் மாணவர் பலர் தடுமாறும் இடமும் இது. குற்றம் முழுவதும் அவர்களைச் சார்ந்ததன்று. பைத்தானின் ஊடாடு சாளரத்தில் திருப்பியளித்த மதிப்பும் தானாகவே திரையில் தோன்றிவிடுவதால், இரண்டும் ஒன்றே என்னும் மயக்கம் எளிதில் பிறக்கிறது.

மட்டாஞ்சேரியின் சில தெருக்களுக்குள்ளேயே மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் எனப் பல மொழிகள் புழங்குகின்றன. அங்குத் திரட்டிய உரையாடல்களில் ஒரு சொல்லின் ஆட்சியை ஆராய்பவர், என்எல்டிகே நூலகத்தின் ‘கன்கார்டன்ஸ்’ செயற்கூற்றை இயக்குவதாகக் கொள்ளலாம். தொடரடைவு அழகாகத் திரையில் விரியும். அதை ஒரு மாறியில் இட்டுப் பார்த்தாலோ, உள்ளே இருப்பது ‘நன்’, அதாவது ஏதுமின்மையைக் குறிக்கும் பைத்தான் மதிப்பு. எண்ணவோ வகைப்படுத்தவோ ஒன்றுமில்லை. ஆகவே அவர் திரையிலுள்ள வரிகளைப் படியெடுத்து விரிதாளில் ஒட்டத் தொடங்குகிறார். வரம்பை மாற்றாவிடில் அச்சாவது 25 வரிகள் மட்டுமே. மொத்தம் எத்தனை என்பதைத் தலைப்பு வரி சொல்லத்தான் செய்கிறது. அவசரத்தில் அதைப் படிப்பவர் யார்? அடுத்த மாதம் புதிய ஒலிப்பதிவுகள் சேர்ந்தாலும் ஆய்வேட்டின் அட்டவணை பழைய எண்ணுடனேயே நிற்கும். அந்த எண் எவ்வாறு பெறப்பட்டது என வாய்மொழித் தேர்வில் வினவப்பட்டால், காட்டுவதற்கு நிரல் இராது.

அந்நூலகத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட ‘கன்கார்டன்ஸ் லிஸ்ட்’, தேடுசொல்லையும் அதன் இடவலச் சூழல்களையும் தரவில் அது நிற்கும் இடத்தையும் தனித்தனியே பிரித்துத் திருப்பியளிக்கிறது. அதற்கும் 25 என்னும் அதே வரம்பு உண்டு என்பதை மறந்து ஏமாந்தவர் உண்டு. உயர்த்திக் கேட்டாக வேண்டும்.

அச்சிடுதல் இழுக்கன்று. பிழை தேடும்போது அதைப்போல் உதவுவது வேறில்லை. கணக்கிடும் செயற்கூறே அச்சிடும் பணியையும் தன் தலையில் ஏற்றிக்கொள்வதுதான் சிக்கல்.

வகுப்பில் இதை விளக்க ஒரு வழி உண்டு. ஊடாடு சாளரத்தை மூடிவிட்டு, ‘ரிட்டர்ன்’ மட்டுமே உள்ள நிரலைக் கோப்பாக எழுதி இயக்கச் சொல்லலாம். திரையில் எதுவும் தோன்றாது. விடை எங்கே போயிற்று என்று மாணவர் கேட்கும்போது பாடத்தைத் தொடங்கலாம்.