கண்டி வாவிக்கரையில் ஒரு காலைப் பயிற்சி

கண்டி மாநகருக்குச் செல்வோர் தலதா மாளிகையைத் தரிசித்து, பேராதனைப் பூங்காவில் உலாவி மீள்வது வழக்கம். நாங்கள் சென்ற நோக்கம் சற்று வேறானது.

எம் தமக்கையாருக்கு வயது 68. சென்ற ஆண்டு வீட்டு வாயிற்படியில் அவர் வழுக்கி விழுந்தார. முறிந்த எலும்பு சில மாதங்களில் பொருந்திவிட்டது. மனத்திற் புகுந்த அச்சமோ அகலவில்லை. படியைக் கண்டால் நின்றுவிடுவார். அத்தகையவரை ஏற்றமும் இறக்கமுமே நிறைந்த கண்டிக்கு அழைத்துச் செல்லலாமா என்று உறவினர் தயங்கினர். போயே தீரவேண்டும் என்றவர் அவரேதாம். ஆறு மாதமாகக் கொழும்பில் அவர் பயின்றுவந்த 'தாய்ச்சி' என்னும் சீனக் கலையே அந்தத் துணிவைத் தந்தது.

மறுநாள் விடியற்காலையில் வாவிக்கரைக்குச் சென்றோம். கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் அமைத்த வாவி இது. நீரின்மேல் பனிமூட்டம் கலையவில்லை. மரநிழலொன்றில் தமக்கையார் முழங்கால்களைச் சிறிது தளர்த்தி நின்று, கைகளை மெல்ல உயர்த்தினார். அவ்வழியே வந்த பள்ளிச் சிறுவன் ஒருவன், "பாட்டி, இது என்ன நடனம்?" என்றான்.

"நடனமன்று, தம்பி, சண்டை! ஆனால் மிக மெதுவான சண்டை" என்றார் அவர்.

அது வேடிக்கைப் பேச்சன்று. தாய்ச்சி, சீனத்தின் ஹெனான் மாகாணத்தில் 17 ஆம் நூற்றாண்டளவில் தோன்றிய போர்க்கலை. 'தாய்ஜிசுவான்' என்னும் அதன் முழுப்பெயரின் ஈற்றுச்சொல்லுக்குக் கைமுட்டி என்பதே பொருள். பொதுமக்கள் தேகநலத்துக்காகப் பயிலும்பொருட்டு, 1956 இல் சீனாவில் 24 அசைவுகள் கொண்ட எளிய முறையொன்று வகுக்கப்பட்டது. 2020 இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது.

இதன் சூட்சுமம் பாதத்தில் இருக்கிறது. உடற்பாரம் முழுவதும் ஒரு காலுக்கு மாறிய பின்னரே மற்றக் கால் எழும். முன்வைத்த குதிகால் முதலில் வெறுமனே நிலத்தைத் தொடும்; நிலம் உறுதியென்று அறிந்த பின்னரே பாரம் அதன்மேல் இறங்கும். முறையாகப் பயிலும் முதியோர் விழுவது குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மூட்டுநோய் உடையோர் வைத்தியரைக் கலந்துகொண்டு தொடங்குதல் நலம்.

அன்று முற்பகல் எம்பெக்கே தேவாலயத்துக்குச் சென்றோம். அங்குள்ள மரத்தூண்களில் மற்போர் வீரர் இருவர் பின்னிப் பொருதும் சிற்பம் புகழ்பெற்றது. அங்கம்பொர என்னும் போர்க்கலையை வளர்த்த நாடல்லவா இது! தமக்கையார் அவ்வீரரின் கைகளைப் பார்க்கவில்லை. கால்களையே நெடுநேரம் நோக்கி நின்றார்.

அடுத்து லங்காதிலக விகாரை. 1344 இல், நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், தென்னிந்தியச் சிற்பியான ஸ்தபதி ராயர் பாறைமீது எழுப்பிய கோயில் அது. மேலே செல்லப் பாறையிலேயே படிகள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றைக் கண்டதும் தமக்கையார் நின்றார். எம் நெஞ்சம் துணுக்குற்றது. கைகொடுக்க நீட்டினோம், வேண்டாமெனத் தலையசைத்தார். வெறுங்காலை வைத்தார்; உறுதி பார்த்தார்; பாரத்தை மாற்றினார். அடுத்த படி. அதற்கடுத்த படி. எமக்குப் பின்னால் வந்தோர் பொறுமையுடன் காத்திருந்தனர்.

உச்சியில் நின்று, எதிரேயிருந்த வயல்களையும் மலைத்தொடர்களையும் பார்த்தவர் சொன்னார்: "ஏறிவிட்டேன் என்று மகிழாதீர்கள். இனித்தான் இறங்கவேண்டும்."

இறங்கும்போதும் அவர் எவர் கையையும் பற்றவில்லை. பகைவனை வீழ்த்தப் பிறந்த கலை, எம் வீட்டில் ஒருவரை விழாமற் காத்தது. கண்டிக்குச் செல்லும் நேயர்கள் ஒருநாளேனும் விடியலில் எழுந்து வாவிக்கரைக்குச் செல்வார்களாக. அங்கே அவசரமின்றி ஓர் அடி எடுத்துவைத்துப் பார்ப்பார்களாக.