அத்தாவோடு ஒரு நாடக இரவு

மதரஸாவில் ஓதிக்கொடுப்பவனுக்கு நாடகப் பந்தலில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். உறவினர் சிலரும் வினவினர். எண்பதைக் கடந்த அத்தா ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் சென்றது நாடகம் காண. வழிபாட்டில் கலக்க அன்று.

இஷா தொழுதுவிட்டுப் புதுக்கோட்டையில் பரோட்டாவும் சால்னாவும் உண்டோம். பல்லில்லாத அத்தா ஊறவைத்து உண்டவாறே, இளமையில் தாம் கண்ட நவாப் இராஜமாணிக்கத்தைப் பற்றி ஓயாது பேசினார். (பெயரைக் கேட்டு முஸ்லிம் என எண்ணிவிடாதீர்கள், 'பக்த இராமதாஸ்' நாடகத்தில் நவாபாக நடித்துப் பெற்ற பட்டம் அது.) இதே ஊரில் 1916இல் பிறந்த பி. யு. சின்னப்பாவும் பாய்ஸ் கம்பெனி மேடையில் வளர்ந்தவரே.

அருகிலிருந்த சிற்றூரில் அன்று ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) யாத்த 'வள்ளி திருமணம்'. இதற்கு ஒத்திகை கிடையாது. தனித்தனியே அமர்த்தப்படும் நடிகர்கள் மேடையில்தான் ஒன்றுசேர்கின்றனர். பாட்டும் கதையும் அனைவருக்கும் மனப்பாடம். தர்க்கமோ அந்நேரத்தில் பிறப்பது. கல்லூரியில் இலக்கியம் பயின்ற நானே நாரதரும் வள்ளியும் தொடுத்த சொற்போர் கேட்டு வியந்தேன். பபூனின் இரட்டைப் பொருள் பேச்சு மட்டும் எனக்கு ஒவ்வவில்லை. குழந்தைகள் அமர்ந்த சபையில் அது தகாது.

அத்தாவுக்குச் செவி மங்கிவிட்டது. பாதி வசனம் எட்டியிராது. ஆயினும் ஆர்மோனியம் ஒலிக்கும்போதெல்லாம் அவர் விரல்கள் என் முழங்காலில் தாளமிட்டன. நான்கரை மணியளவில், உறங்கிப்போயிருந்த என்னை, "எழுந்திரு தம்பி, பஜ்ருக்கு நேரமாகுது" என்று எழுப்பியவரும் அவரே.