போர் பார்க்காத சைக்கிள்

பழைய இராணுவச் சைக்கிள்களைச் சேகரிப்பவர்கள் ஒன்றுகூடினால் அடிக்கடி காதில் விழும் சொல் 'போர் பார்த்தது' என்பது. 1944 யூன் 6 அன்று நோர்மண்டிக் கரையில் இறங்கிய துருப்புகள் கையோடு கொண்டுபோன பி.எஸ்.ஏ. மடிப்புச் சைக்கிள் போல ஒன்றைக் காட்டி இதைச் சொல்வார்கள். குரல் தாழும், விலை ஏறும். சட்டத்தில் இருக்கும் நெளிவுகூட அப்போது ஒரு தகுதியாகிவிடும்.

என்னிடம் இருக்கும் மூன்றும் போர் பார்க்காதவை. சுவிற்சர்லாந்து இராணுவத்தின் 'மாதிரி 05' அவை. 1905இல் அறிமுகமாகி, 1993இல் அடுத்த மாதிரி வரும்வரை அடிப்படை வடிவம் மாறாமலே ஓடிய சைக்கிள். ஏறத்தாழ 23 கிலோ எடை. கியர் ஒன்றே ஒன்று. சட்டத்தின் முக்கோணத்துக்குள் ஒரு பெட்டி, பின்னே கனத்த கரியர், முன்னே விளக்கும் டைனமோவும். மலைகளால் ஆன நாட்டின் இராணுவம் ஒற்றைக் கியரை ஏன் இத்தனை காலம் கட்டிக்கொண்டு அழுதது என்று கேட்பவர்கள் அதைக் கழற்றிப் பூட்டிப் பார்க்காதவர்கள். உடைவதற்கு அதில் அதிகம் ஒன்றுமில்லை.

முதலாவதை 2007இல் பேர்ண் நகருக்கு வெளியே ஒரு கிராமத்தில் வாங்கினேன். விற்றவர் சைக்கிள் படையில் சேவை செய்தவர். 1891இல் தொடங்கிய அந்தப் படை 2003இல் கலைக்கப்பட்டுவிட்டது. அதைச் சொல்லும்போது வீட்டில் ஒரு சாவு விழுந்தது போன்ற முகம் அவருக்கு. சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, சீற்றின் தோலுக்கு மெழுகு பூசி, மாட்டுத்தொழுவத்தின் ஓரத்தில் நிறுத்தியிருந்தார். "இது எங்கே எல்லாம் போனது?" என்று கேட்டேன். "மலைக்குப் போனது, திரும்பி வந்தது" என்றார். பிறகு நான் எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். பேசிய விலையில் ஐம்பது பிராங்கைக் குறைத்துக்கொண்டார். காரணத்தை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சேகரிப்பாளர்களில் சுவரில் தொங்கவிடுபவர்கள் உண்டு, ஓட்டுபவர்கள் உண்டு. நான் இரண்டாவது வகை. மூன்றில் மூத்தது 1941ஆம் ஆண்டினது. அதில் ஒருமுறை கூர்னிகல் கணவாய்க்குப் போனேன், 1600 மீற்றருக்குச் சற்று மேல். ஏற்றத்தின் பெரும்பகுதியை உருட்டிக்கொண்டுதான் நடந்தேன். இறக்கத்தில்தான் சோதனை. முன் பிறேக் ரயரின் மேலேயே அழுந்துவது, அதை நம்ப முடியாது. பின்னது, மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிப்பது. நெடிய இறக்கத்தில் சக்கரக் குடம் சூடேறி உள்ளிருக்கும் கிறீஸ் உருகிப் புகையத் தொடங்கியது. இறங்கி, பாதையோரப் புல்லில் அதைச் சாய்த்துவிட்டு, குடம் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

உருட்டிக்கொண்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது அப்பாவின் றலி சைக்கிளை நானும் அவரும் மாறி மாறி உருட்டினோம். பாரில் அரிசிப் பை, ஹாண்டிலின் இருபுறமும் சட்டி பானை, கரியரில் அம்மம்மா. மழை. நாவற்குழிப் பாலத்தை நெருங்க நெருங்கக் கூட்டம் அடியடியாகத்தான் அசைந்தது. முன்னால் நின்றவரின் சைக்கிள் கரியரில் ஒரு தையல் இயந்திரம் கட்டியிருந்தது. விடியும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். அந்த இரவு அங்கே சைக்கிளில் ஏறி மிதித்த எவரும் என் நினைவில் இல்லை.

அதற்கு முன்பும் அந்தச் சைக்கிளுக்கு ஓய்வு இருந்ததில்லை. 1990இலிருந்து பொருளாதாரத் தடை. மின்சாரமில்லை, பற்றரி குடாநாட்டுக்குள் வர அனுமதியில்லை. இரவில் அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர். மிதியைக் கையால் சுழற்றுவது என் வேலை. வேகம் குறைந்தால் தமிழோசையின் குரல் தேய்ந்து இழுபடும், "டேய், சுத்து" என்பார். எந்த ஊரில் எத்தனை பேர் என்ற செய்தியை என் கை ஓடிய வேகத்தில்தான் வீடு கேட்டது.

1996இல் திரும்பி வரும்போது றலியைச் சாவகச்சேரியில் உறவினர் வீட்டில் விட்டுவந்தோம். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் அந்த வீடு இல்லாமல் போனது. பிறகு போய்ப் பார்த்த அப்பா, இடிபாட்டுக்குள் சட்டம் மட்டும் கிடந்தது, முன்சக்கரத்தைக் காணவில்லை என்றார். எந்தச் சேகரிப்பாளரும் அதைத் தேடி வரப்போவதில்லை. அது இராணுவச் சைக்கிள் அல்லவே. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் சைக்கிள்.

நான் இராணுவச் சைக்கிள் வாங்கியிருக்கிறேன் என்று கேள்விப்பட்டபோது அம்மா தொலைபேசியில் கோபித்துக்கொண்டார். "ஆமிக்காரன்ர சாமான் வீட்டுக்குள்ள என்னத்துக்கு?" அது யாரையும் சுட்டதில்லை, நூறு வருடமாக மலை ஏறி இறங்கியதுதான் இவர்களுடைய சைக்கிள்களின் வரலாறு என்று விளக்கினேன். நம்பவில்லை. அப்பா தொலைபேசியை வாங்கினார். எடையையோ விலையையோ ஆண்டையோ அவர் கேட்கவில்லை.

"டைனமோ வேலை செய்யுதோ?" என்றார்.