அப்பாவின் மணிக்கூடு

எங்கள் வீட்டு அலுமாரியில் பதினான்கு ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த அப்பாவின் கைமணிக்கூட்டுக்கு ஒரு நாள் என் மகன் சாவி கொடுத்தான். கொடுத்த மாத்திரத்தே அது ஓடத் தொடங்கிவிட்டது! பல்கலைக்கழகப் பரீட்சைக்கு அதையே அணிந்து செல்வதென்று அவன் தீர்மானித்தும் விட்டான்.

அந்த மகிழ்ச்சிக்குக் காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடையால் வன்னிக்குப் பற்றரிகள் வருவது அரிதான காலத்தில், ஊரிலே எத்தனையோ நவீன மணிக்கூடுகள் நின்றுபோயின. இந்தப் பழைய சுவிஸ் மணிக்கூடோ நிற்கவில்லை. அயலவர் நேரம் கேட்டு எங்கள் படலைக்கு வருவார்கள். 1996இல் அரசாங்கம் நேரத்தை முன்தள்ளியபோதும் வன்னி பழைய நேரத்தையே கைக்கொண்டதால், அப்பா முள்ளைத் திருப்ப நேரவில்லை. 2009இல் அம்மா அதைப் பொலித்தீன் பையிற் சுற்றி மடியில் முடிந்து கொண்டுவந்தார்.

வவுனியாவில் மணிக்கூடு திருத்தும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். "ஓடுதெண்டு நம்பாதேயுங்கோ தம்பி. காய்ஞ்ச எண்ணெயோடை ஓடவிட்டால் அச்செல்லாம் தேயும்" என்றார் அவர். அணியாமல் வைத்த பொருளுக்குத் தேய்வு ஏது என்றே நான் எண்ணியிருந்தேன். மணிக்கூடு ஓடாதிருந்தாலும் உள்ளேயுள்ள எண்ணெய் முதுமையடைந்து பசையாகிவிடுமாம். இத்தகைய பழைய மணிக்கூடுகள் பெரும்பாலும் மணிக்கு 18,000 தரம் துடிப்பவை, நாளொன்றுக்கு 4,32,000. அத்தனையையும் அந்த மெல்லிய அச்சுகள் வறண்ட நிலையில் தாங்க வேண்டுமே!

அவர் சொன்னபடி முழுச்சாவி கொடுத்து, வானொலி நேரத்துக்குச் சரிசெய்து சோதித்தேன். முகம் மேலே பார்க்கக் கிடத்தியபோது ஒரு நாளில் 4 நிமிடம் பிந்தியது. மறுநாள் நிமிர்த்தி வைக்க, 17 நிமிடம். 36 மணி நேரமாவது ஓட வேண்டியது, 25 மணி நேரத்தில் நின்றும் போயிற்று. நாள்தோறும் ஒரே அளவாகப் பிந்துமாயின் உள்ளிருக்கும் சிறு நெம்புகோலைச் சற்றே நகர்த்தினாற் போதும். வைக்கும் நிலைக்கேற்ப நேரம் பெரிதும் மாறுவதும், சாவி தீருமுன் நிற்பதுமே கழுவி எண்ணெயிட வேண்டியதற்கு அறிகுறிகள். கண்ணாடிக்குள் ஆவி படர்ந்தாலோ சோதனையே வேண்டாம். உடனே திறப்பிக்க வேண்டும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விடலாமென்று அயலவர் ஒருவர் கூறியதை, நல்லவேளை, நான் கேட்கவில்லை.

மகனுக்குப் பெருங்கோபம். இரவல் வாங்கிய பற்றரி மணிக்கூட்டுடன்தான் பரீட்சைக்குப் போனான்.

அவன் திரும்பி வந்தபின் இருவருமாக வவுனியாவுக்குச் சென்றோம். பெரியவர் பின்மூடியைத் திறந்து, அதன் உட்புறத்தை எங்களிடம் நீட்டினார். ஊசியாற் கீறிய மூன்று ஆண்டுகள் அங்கே தெரிந்தன: 1973, 1979, 1985. கழுவிய ஆண்டைத் திருத்துநர் அப்படிக் கீறி வைப்பது வழக்கமாம். தமக்கென ஒரு சதமும் வீணாக்காத அப்பா, நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே ஆறாண்டுக்கொரு தடவை அதைக் கழுவக் கொடுத்திருக்கிறார். 1985க்குப் பின் கீறல் எதுவுமில்லை.

மகன் அந்த மூடியை நெடுநேரம் கையில் வைத்திருந்தான். பின்னர் பெரியவர் அதை வாங்கி, மூன்றுக்கும் கீழே இவ்வாண்டைக் கீறினார்.