பதிலாள்

மேடையில் ஒரு நாற்காலி, ஒரு மடிக்கணினி, ஒரு திரை. நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது எழுத்தாளர் தாமஸ் மெல்லே அல்ல. அவர் முகத்தை அச்செடுத்து சிலிக்கோனில் வார்த்த யந்திரம். முன்பக்கம் மனிதன். தலையின் பின்புறம் திறந்து கிடக்கிறது, வயர்கள் தெரிகின்றன. சுமார் ஒரு மணி நேரம் அது பேசுகிறது. நடிகர் எவரும் வருவதில்லை. ‘ரிமினி ப்ரோடோகால்’ குழுவின் ஸ்டெஃபான் கேகி 2018இல் ம்யூனிக்கில் மேடையேற்றியது இது. நான் பார்த்தது ஒளிப்பதிவாகத்தான்.

‘விபரீதப் பள்ளத்தாக்கு’ என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். யந்திரம் மனிதனைப்போல் ஆக ஆக நமக்கு அதன்மேல் பிரியம் கூடும். ஏறக்குறைய மனிதனாகிவிட்ட இடத்தில் பிரியம் சட்டென்று அருவருப்பாகச் சரியும். 1970இல் ஜப்பானியரான மஸாஹிரோ மோரி இந்தச் சரிவைப் பள்ளத்தாக்கு என்றார்.

கம்ப்யூட்டர் பித்தர்களின் வித்தை என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை. 2010இல் ஹில்டெஸ்ஹைம் மாணவர்கள் துவக்கிய ‘மாகினா எக்ஸ்’ குழு கம்ப்யூட்டர் விளையாட்டையே நாடகமாக்கி, பார்வையாளரைப் புதிர் விடுவிக்க வைக்கிறது. அதில் சாமர்த்தியம் உண்டு. ஆனால் புதிர் அவிழ்ந்ததும் மனமும் விடுதலையாகிவிடும் என்றே எனக்குப் படுகிறது. மெல்லேயின் விஷயம் வேறு. வெறியெழுச்சிக்கும் மனச்சோர்வுக்கும் இடையில் அலைக்கழிக்கும் தன் நோயை 2016இல் ஒரு புத்தகமாகவே எழுதியவர் அவர். நிலைகுலையும் தனக்குப் பதிலாக, நிலைகுலையாத ஒன்றை மேடைக்கு அனுப்புகிறார்.

1810இல் க்ளைஸ்ட் பொம்மலாட்டத்தைப் பற்றி எழுதியபோது, தன்னைப் பற்றிய பிரக்ஞை இல்லாததாலேயே பொம்மைக்கு நளினம் வாய்க்கிறது என்ற வாதத்தை வைத்தார். ஜெர்மானியர்களுக்கு இது பழைய பொறாமை. ஆனால் க்ளைஸ்ட் நளினத்தைப் பற்றிப் பேசினார். இங்கே பேச்சு ஆரோக்கியத்தைப் பற்றி. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் விமர்சனம் சோம்பேறித்தனமானது.

என் உத்தியோகத்தில் இந்தப் பொம்மையைத் தினமும் பார்க்கிறேன். பாங்கில் அதற்கு ஸ்பெஸிமன் கையெழுத்து என்று பெயர். கணக்குத் துவங்கிய நாளில், கை உறுதியாக இருந்தபோது போட்டது. பின்னால் பக்கவாதமோ நடுக்கமோ வந்து, அதே மனிதர் பணம் எடுக்க வருகிறார். கையெழுத்து ஒத்துப்போவதில்லை. “நாந்தானே சார் நேர்ல நிக்கிறேன்” என்கிறார் ஒரு பெரியவர். அவர் சொல்வது நியாயம். ஆனாலும் நகலைக் காட்டி அசலைச் சந்தேகிப்பதுதான் என் வேலை. கட்டைவிரல் ரேகை, சாட்சி என்று வழியிருக்கிறது. அவர் முகம் சுருங்குவதற்கு வழியில்லை.

ஆகவே அந்த யந்திரத்தின்மேல் எனக்கு ஏற்பட்டது அருவருப்பல்ல, கோபம். அது இருக்கும்வரை மெல்லே நடுங்கலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. இதைச் சலுகை என்பதா, வெளியேற்றம் என்பதா? நோயாளிக்கு மேடையில் இடமுண்டு, நோய் இல்லாமல் வந்தால். கேகி இதைத் தெரிந்தே செய்திருக்கிறார் என்பதற்கு அந்தத் திறந்த மண்டை சாட்சி. தலைமயிர் ஒட்டி மூடியிருக்க முடியும். மூடவில்லை.

மெல்லே ஓர் இரவு எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடக்கலாம். அன்றும் அது கால்மேல் கால் போட்டு, ஒரு சொல்லும் பிசகாமல், அவருடைய குரலில் பேசும்.