இரண்டு வாளியும் ஒரு காப்பீட்டுத் தாளும்
(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்)

காப்பீடு பற்றிய பாடத்தை இரண்டாம் ஆண்டிலேயே படித்துவிட்டேன். தேர்வில் மதிப்பெண்ணும் குறையவில்லை. ஆயினும் அந்தப் பாடம் எனக்கு விளங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு மருத்துவர் வீட்டுக் கேட் தூணின் அருகில்தான்.

நானும் அண்ணனும் ஞாயிறுதோறும் வீடுகளுக்குச் சென்று கார்களைத் துடைத்து மெருகேற்றுகிறோம். 'டீட்டெயிலிங்' என்பார்கள். வெறும் கழுவுதல் அன்று. இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் சோப்பு நீர், மற்றொன்றில் துணியை அலச நல்ல நீர். ஒரே வாளியில் தோய்த்தால் மண்துகள் துணியில் ஏறிப் பெயிண்டில் கோடு கிழித்துவிடும். வெயில் ஏறுமுன் முடிக்கவேண்டும். இல்லையேல் நீர் காய்ந்து புள்ளி புள்ளியாகக் கறை நிற்கும். பிறகு பாலிஷ், அதன்மேல் மெழுகு. ஒரு காருக்கு மூன்று மணி நேரம் ஆகும். என் விடுதிச் செலவு அதிலிருந்துதான்.

அன்று வெயில் முந்திக்கொண்டது. மருத்துவர் குளித்துக்கொண்டிருந்தார். சாவி காரிலேயே இருந்தது. நிழலுக்கு நகர்த்துவோம் என்று நான் ஏறி அமர்ந்தேன். என்னிடம் இருந்ததோ இருசக்கர வாகன உரிமம் மட்டும்! பின்கதவு தூணில் உரசிய ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

மருத்துவர் நல்ல மனிதர். "தம்பி, நான் ஓட்டினதா எழுதிக் குடுத்துடறேன். கம்பெனி பாத்துக்கும்" என்றார். ஒளிக்காமல் சொல்கிறேன், நான் தலையாட்டிவிட்டேன். அண்ணன்தான், "வேண்டாங்க சார், நாங்களே சரிபண்ணித் தர்றோம்" என்றார். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். இரண்டு மாத உழைப்பு. வீடு திரும்பும்வரை நான் அண்ணனோடு பேசவில்லை.

மறுநாள் எங்கள் தெருக் காப்பீட்டு முகவரிடம் போனோம். தனியார் கார் பாலிசி ஒன்றை விரித்து ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். வாடகை, பந்தயம் இவற்றோடு, 'மோட்டார் வணிகம்' தொடர்பான பயன்பாட்டுக்கும் பாலிசி செல்லாது என்று அதில் இருந்தது. ஓட்டுபவருக்குத் தகுந்த உரிமம் வேண்டும் என்பது அடுத்த வரி. பொய் எழுதி, அது வெளிப்பட்டிருந்தால், மருத்துவரின் பெயர்தான் கெட்டிருக்கும். இழப்பீடே கோராத ஐந்தாண்டுகளால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் அவர் பெற்றுவந்த 50 விழுக்காட்டுச் சலுகையும் போயிருக்கும். கேட்டைத் தாண்டித் தெருவில் ஓட்டியிருந்தால், 2019 சட்டத்திருத்தத்தின்படி உரிமமின்மைக்கு 5,000 ரூபாய் அபராதம் வேறு.

"எங்களுக்கென்று பாலிசி உண்டா?" என்று கேட்டேன். பொறுப்புக் காப்பீடு உண்டாம். ஆனால், நம்மை நம்பி ஒப்படைத்த பொருளுக்கு வரும் சேதத்தை அது பெரும்பாலும் விலக்கிவிடுமாம். பிறர் காரைக் கையாள்பவனுக்கு அந்தக் கார்தானே பயம்! மோட்டார் வணிகர்களுக்கான தனிப் பாலிசியைக் கேட்டு, எது அடங்கும் என்று எழுத்தில் வாங்கச் சொன்னார். அதற்குத்தான் இப்போது பணம் சேர்க்கிறோம்.

உத்யம் பதிவு எளிதாக முடிந்தது; கட்டணம் இல்லை. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 இலட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு, அந்தக் கவலை எங்களுக்கு இல்லை. நகராட்சியில் தொழில் உரிமம் கேட்டபோது எழுத்தர், "கடை எங்கப்பா?" என்றார். அண்ணன் வாளிகளைத் தூக்கிக் காட்டினார். அவர் சிரித்துவிட்டு, இடம் பிடித்தபின் வரச் சொன்னார்.

எல்.எல்.ஆர். வாங்கிவிட்டேன். ஆனாலும் வாடிக்கையாளர் காரை நான் நகர்த்துவதில்லை. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் எட்டு மணிக்கு, லுங்கியோடும் தலையில் எண்ணெயோடும் மருத்துவரே இறங்கி வந்து, முணுமுணுத்துக்கொண்டே காரை வேப்பமர நிழலுக்குத் திருப்பித் தருகிறார்.