எஞ்சினுக்குக் காது கொடுத்த கதை

பழைய கார் வைத்திருப்பவர்கள் இரு வகையினர். புதிதாக ஒரு சத்தம் கேட்டதும் கலங்குபவர்கள் ஒரு வகை. வழக்கமான சத்தம் கேட்காவிட்டால் கலங்குபவர்கள் மறு வகை. நான் முதல் வகை.

எங்கள் வீட்டில் நிற்பது 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். 948 சீசீ எஞ்சின். அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான கார் இது. அங்கே 1970களின் தொடக்கத்தோடு அதன் உற்பத்தி நின்றுபோனது. இலங்கையிலோ அதற்கு ஆயுள் கெட்டி. 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள், இருப்பதை ஓடவைக்கும் வித்தையை நம்மவர்களுக்குக் கற்றுக்கொடுத்தன. 1977இல் சந்தை திறந்த பின்னரும் அந்த வித்தை அழியவில்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்கள் மீண்டும் 2025இல்தான் வரத் தொடங்கின. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் மதிப்பு எப்படி உயர்ந்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

என்னுடையது அப்பா விட்டுச்சென்ற கார். 1978 நவம்பர் சூறாவளியில் தென்னைகள் சாய்ந்த எங்கள் முற்றத்தில் நசுங்காமல் தப்பிய ஒரே பொருள் அதுதான் என்று அம்மா சொல்லுவார்.

அந்தக் காரில் கடந்த ஆண்டு ஒரு சத்தம் தொடங்கியது. எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல, டொக் டொக் என்று. நகரிலுள்ள ஒரு கராஜில் காட்டினேன். பொனட்டைத் திறந்து இரண்டு நிமிடம் கேட்டவர்கள், பிக் எண்ட் பெயரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும், சாமான்களைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில்தான் தேட வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை எனது மூன்று மாத வருமானத்தைத் தாண்டியது. இரும்பு விலைக்குக் கொடுத்துவிடும்படி அயலவர் ஒருவர் ஆலோசனை சொன்னார். அன்றிரவு வீட்டில் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

காத்தான்குடியில் எழுபது வயதைக் கடந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். கடைசி முயற்சியாக அவரிடம் போனேன். அவர் பொனட்டைத் தொடவில்லை. கேள்விகள்தான் கேட்டார்.

“தம்பி, சத்தம் சும்மா நிக்கக்குள்ளயா, ஆக்கள ஏத்திக்கொண்டு போகக்குள்ளயா கூட?”

“நிற்கும்போதுதான் நானா. வேகம் பிடித்தால் குறைகிறது.”

“அப்ப அவசரப்பட்டு எஞ்சினக் கழட்ட வேணாம்.”

பிக் எண்ட் பழுதானால் சுமை ஏற ஏறச் சத்தம் கூடும் என்று விளக்கினார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, நான்கு பிளக்குகளின் வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். பிக் எண்ட் குற்றவாளியானால், அந்தச் சிலிண்டரில் தீப்பொறி நின்றதும் சத்தம் தணிய வேண்டும். எதிலும் தணியவில்லை. டப்பெட் சத்தமும் அல்ல. கேம் தண்டு எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் டப்பெட்டின் தாளமும் பாதியாகவே இருக்கும்; இது அதைவிட வேகமான தட்டல்.

அடுத்து நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றின் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தார். எனக்குக் கல்லடிப் பாலம் நினைவுக்கு வந்தது. மீன்பாடும் தேனாட்டின் பாட்டைக் கேட்க விரும்புவோர், நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைப்பார்கள். 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட், தோணியின் மரத்தில் காதை வைத்ததும் ஒலி பெருகிக் கேட்டதாக எழுதியிருக்கிறார். நீரானாலும் இரும்பானாலும் தத்துவம் ஒன்றே: திடப்பொருள் ஒலியை நன்றாகக் கடத்தும்.

முன்புறமாக நகர நகர ஒலி கூடியது. எஞ்சினை நிறுத்தி ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மீண்டும் ஓடவிட்டார். சத்தம் அறவே இல்லை. அப்படியானால் தண்ணீர்ப் பம்பு அல்லது டைனமோ. கப்பிகளைக் கையால் அசைத்தார். டைனமோவின் கப்பி ஆடியது. கப்பியையும் தண்டையும் பிணைக்கும் அரைநிலா வடிவச் சாவித்துண்டு தேய்ந்திருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது சுற்று சீராக இராது. அந்தத் துடிப்பில் கப்பி முன்னும் பின்னுமாக மோதியிருக்கிறது. டைனமோ எஞ்சினோடு பூட்டப்பட்டிருப்பதால், மோதல் அடிவயிற்றிலிருந்து வருவதுபோலக் கேட்டிருக்கிறது. ஒரு சிறிய இரும்புத்துண்டு மாற்றியதோடு வேலை முடிந்தது.

போர்க்காலத்தில் மட்டக்களப்பிலிருந்து செய்தி எழுதியவர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ஒரு வெடிச்சத்தம் கேட்டால், அது எழுவான்கரையிலா படுவான்கரையிலா என்றுகூடச் சொல்ல முடியாது; வாவி நீரின் மேல் ஒலி திசைமாறி வரும். பத்து நிமிடத்தில் பத்துக் காரணங்கள் வந்துசேரும். அவற்றுள் மிகப் பயங்கரமானதே முதலில் நம்பப்படும். ஒவ்வொன்றாகக் கழித்து, எஞ்சியதை எழுதுவதே எங்கள் வேலையாக இருந்தது. நானாவும் அதையேதான் செய்தார்.

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினை இறக்கச் சம்மதிக்குமுன் பெல்ட்டைக் கழற்றிக் கேளுங்கள். ஆனால் ஓரிரு நிமிடத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள். தண்ணீர்ப் பம்பு சுற்றாதபடியால் எஞ்சின் கொதித்துவிடும். பிறகு உண்மையாகவே அதை இறக்கவேண்டி வரும்.